கட்சிகளுக்கு இடையே சமரசம்: ஜிஎஸ்டி சட்டத்தை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எதிரும் புதிருமாக இருக்கும் கட்சிகள் ஒத்துப்போவது நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் நல்லது என்றுதான் சொல்வார்கள். யார் எதை விட்டுக்கொடுத்தார்கள், பதிலுக்கு என்ன வாங்கினார்கள், அது சட்டத்தில் ஏறியதா என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும். அப்படிக் கேட்டுப் பார்க்க இந்தியாவில் சரக்கு மற்றும் சேவை வரியைவிட (ஜிஎஸ்டி) நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஏன் ஜிஎஸ்டி? கட்சிகள் மோதிக்கொண்ட வேறு விஷயங்கள் இல்லையா?

நிறைய இருக்கின்றன. ஆனால் இதில் இரண்டு பெரிய தேசியக் கட்சிகளும் இரண்டு பக்கமும் நின்றிருக்கின்றன. 2006 பட்ஜெட்டில் காங்கிரஸ் கூட்டணி அரசின் நிதியமைச்சர் ப. சிதம்பரம், 2010 ஏப்ரல் 1 முதல் ஜிஎஸ்டி வரும் என்றார். வரவில்லை. 2011 மார்ச்சில் பிரணாப் முகர்ஜி 115-வது அரசியல் சட்டத் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தபோது பா.ஜ.க. ஆண்ட குஜராத்தும் மத்தியப் பிரதேசமும் கடுமையாக எதிர்த்தன. 2014-ல் மக்களவை கலைந்ததும் மசோதா காலாவதியானது. அதே ஆண்டு டிசம்பர் 19-ல் புதிய பா.ஜ.க. அரசின் நிதியமைச்சர் அருண் ஜெட்லி 122-வது திருத்த மசோதாவைத் தாக்கல் செய்தார். இப்போது முட்டுக்கட்டை போடும் முறை காங்கிரசுக்கு வந்தது.

இதற்கெல்லாம் முன்பே ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. 2000-ல் வாஜ்பாய் அரசு மாநில நிதியமைச்சர்களின் அதிகாரம் பெற்ற குழுவை அமைத்து, மேற்கு வங்க மார்க்சிஸ்ட் அமைச்சர் அசிம் தாஸ்குப்தாவைத் தலைவராக ஏற்றுக்கொண்டது. பின்னாளிலும் அந்த வழக்கம் தொடர்ந்தது. காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில் பீகாரின் சுஷில் குமார் மோடி (பா.ஜ.க.), பா.ஜ.க. ஆட்சியில் கேரளத்தின் கே.எம். மாணி (கேரள காங்கிரஸ்), அடுத்து மேற்கு வங்கத்தின் அமித் மித்ரா (திரிணமூல்) அந்த நாற்காலியில் இருந்தார்கள். மத்திய ஆளுங்கட்சியைச் சேராதவர் தலைமையில் தயாரான வரைவை "இது மத்திய அரசின் திணிப்பு" என்று தள்ளிவிடுவது அவ்வளவு சுலபமல்ல. இந்த ஏற்பாட்டுக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டு இன்னும் கிடைக்கவில்லை என்பது எங்கள் அபிப்பிராயம்.

மக்களவையில் தனிப் பெரும்பான்மை இருந்தும் எதிர்க்கட்சியின் தயவு எதற்கு?

சாதாரண மசோதாவாக இருந்தால் தேவைப்பட்டிருக்காது. இரு அவைகளும் முரண்பட்டால் கூட்டுக் கூட்டம் போட்டு நிறைவேற்றலாம். 1961-ல் வரதட்சணைத் தடைச் சட்டம், 1978-ல் வங்கிப் பணி ஆணைய ரத்துச் சட்டம், 2002-ல் பயங்கரவாதத் தடைச் சட்டமான பொடா என்று மூன்று முறை அப்படி நடந்திருக்கிறது. அரசியல் சட்டத் திருத்தத்துக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது. 368-வது பிரிவின்படி ஒவ்வோர் அவையும் தனித்தனியாக இரண்டு தேர்வுகளைத் தாண்ட வேண்டும்: மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு, வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு. 245 பேர் கொண்ட மாநிலங்களவையில் எல்லோரும் வந்து வாக்களித்தால் 164 வாக்கு வேண்டும். அன்றைய ஆளுங்கூட்டணிக்கு அங்கே சாதாரணப் பெரும்பான்மையே இல்லை. அதற்கு மேல், பாதிக்குக் குறையாத மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும்.

2015 மே 6-ல் மக்களவையில் நிறைவேறிய மசோதா மாநிலங்களவையில் 15 மாதம் நின்றதற்கு இந்தக் கணக்குதான் காரணம். தலைவர்களின் பெருந்தன்மையால் சமரசம் வந்ததாக மேடையில் பேசலாம். வேறு வழி இல்லாததால் வந்தது. அதனால் அது மட்டமாகிவிடாது.

காங்கிரஸ் கேட்டது என்ன, கிடைத்தது என்ன?

மூன்று கேட்டது. ஒன்று முழுதாகக் கிடைத்தது, ஒன்று பாதி, ஒன்று இல்லை.

முதல் கோரிக்கை, ஒரு விழுக்காடு கூடுதல் வரியை நீக்க வேண்டும் என்பது. ஜிஎஸ்டி நுகரும் மாநிலத்துக்குப் போகும் வரி. உற்பத்தி செய்யும் மாநிலங்களைச் சமாதானப்படுத்த, மாநில எல்லை தாண்டும் சரக்குக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு விழுக்காடு வரை வசூலித்து, சரக்கு கிளம்பிய மாநிலத்துக்கே கொடுப்பதாக மசோதாவில் இருந்தது. வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு இதற்குக் கிடையாது. ஆயிரம் ரூபாய்ச் சரக்கு கோவையிலிருந்து பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர் என்று மூன்று கை மாறினால், லாபமே சேர்க்காவிட்டாலும் 10 ரூபாய், 10 ரூபாய் 10 காசு, 10 ரூபாய் 20 காசு என்று வரி மேல் வரி ஏறி 30 ரூபாய் 30 காசு ஆகும். வரி மேல் வரியை ஒழிக்க வந்த சட்டத்திலேயே அது இருந்தது. தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியன் தலைமையிலான குழுவும் 2015 டிசம்பரில் இதை நீக்கச் சொன்னது. அரசு கையில் அப்படி ஒரு நிபுணர் அறிக்கை இருந்தது இறங்கி வர வசதியாகப் போயிற்று. எதிர்க்கட்சிக்குப் பணிந்ததாகத் தெரியாமல் விட்டுக்கொடுக்க முடிந்தது. நீக்கினார்கள்.

இரண்டாவது, வரி 18 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்பது. இதை ஏற்கவில்லை, ஏற்காதது சரி என்றே நினைக்கிறோம். விகிதம் அரசியல் சட்டத்தில் ஏறிவிட்டால், வெள்ளமோ போரோ வந்து அதை மாற்ற வேண்டுமானாலும் மறுபடி மூன்றில் இரண்டு பங்கைத் தேடி அலைய வேண்டும். உச்சவரம்பு பின்னர் சாதாரணச் சட்டத்தில் வந்தது: மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 9-வது பிரிவில் 20 விழுக்காடு, மாநிலத்துக்கும் அதே அளவு, ஆக 40. கேட்டது 18, கிடைத்தது 40 என்று கேலி செய்யலாம்தான்.

மூன்றாவது, தகராறுகளைத் தீர்க்கச் சுதந்திரமான அமைப்பு. மத்திய, மாநில நிதியமைச்சர்கள் சேர்ந்து ஜிஎஸ்டி பற்றி முடிவெடுக்கும் அவைதான் ஜிஎஸ்டி கவுன்சில். "கவுன்சில் ஓர் ஏற்பாட்டை நிறுவும்" என்ற அளவில் 279அ பிரிவில் எழுதினார்கள். யார் தலைவர், எத்தனை பேர், எத்தனை நாளில் தீர்ப்பு என்று எதுவும் இல்லை. இதன் விளைவு கீழே வருகிறது.

மாநிலங்களை எப்படிச் சம்மதிக்க வைத்தார்கள்?

பணத்தால், அதையும் கணக்குச் சூத்திரமாக எழுதி. மாநிலங்களுக்கு நியாயமான சந்தேகம் இருந்தது. மாநிலம் விட்டு மாநிலம் விற்கும் சரக்கின் மீதான, மாநிலங்களுக்கே போன மத்திய விற்பனை வரி 4 விழுக்காட்டிலிருந்து 2007-ல் 3 ஆகவும் 2008-ல் 2 ஆகவும் குறைக்கப்பட்டபோது ஈடுகட்டுவதாக மத்திய அரசு சொல்லியிருந்தது. அந்த நிலுவை ஆண்டுக்கணக்கில் இழுபறியானது. சூடுகண்ட மாநிலங்கள் இந்த முறை வாய்வார்த்தையை நம்பத் தயாராக இல்லை.

மூல மசோதாவில் இழப்பீட்டை நாடாளுமன்றம் "வழங்கலாம்", காலம் "ஐந்து ஆண்டுவரை நீளலாம்" என்றிருந்தது. இறுதி வடிவில் ஐந்து ஆண்டுகளுக்கு வழங்கியே தீர வேண்டும் என்று மாறியது. 2017 இழப்பீட்டுச் சட்டம் அதற்கு எண் கொடுத்தது. அடிப்படை ஆண்டு 2015-16, ஆண்டுக்கு 14 விழுக்காடு கூட்டு வளர்ச்சி, வரி வருவாய் அதற்குக் குறைந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பணம். ஒரு மாநிலம் அடிப்படை ஆண்டில் 10,000 கோடி ரூபாய் வசூலித்திருந்தால், 2017-18-ல் 12,996 கோடியும் 2021-22-ல் ஏறக்குறைய 21,950 கோடியும் உத்தரவாதம். புகையிலை, நிலக்கரி, கார், பான் மசாலா, குளிர்பானம் ஆகியவற்றின் மீதான செஸ் என்ற கூடுதல் வரியிலிருந்து இந்தப் பணம் வர வேண்டும் என்பது ஏற்பாடு. 14 விழுக்காடு தாராளமான எண். அவ்வளவு தாராளமாக இல்லாவிட்டால் கையெழுத்து விழுந்திருக்காது.

தமிழ்நாடு எதிர்த்ததே, அதன் வாதம் என்ன ஆயிற்று?

2016 ஜூனில் கொல்கத்தாவில் நடந்த மாநில நிதியமைச்சர்கள் கூட்டத்துக்குப் பிறகு, தமிழ்நாடு தவிர ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் ஆதரவு என்று ஜெட்லியே சொன்னார். உற்பத்தி மாநிலம் என்பதால் நிரந்தர வருவாய் இழப்பு, வரி விதிக்கும் அதிகாரம் கவுன்சிலுக்குப் போவதால் மாநில உரிமை இழப்பு: ஜெயலலிதா அரசின் வாதம் இந்த இரண்டும்தான். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காங்கிரசுக்காக நீக்கப்பட்ட அந்த ஒரு விழுக்காடு, தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பணம். இரண்டு பெரிய கட்சிகள் கைகுலுக்கும்போது, பேச்சு மேசையில் பலம் இல்லாத மூன்றாமவர் பையிலிருந்து விலை போவது உண்டு. ஐந்தாண்டு இழப்பீடு அந்தக் காயத்துக்கு மருந்தாக இருந்தது. நிரந்தர மருந்தாக அல்ல.

வெளிநடப்பு என்பது எதிர்ப்பா, மறைமுக ஆதரவா?

இரண்டும். 2016 ஆகஸ்ட் 3-ல் மாநிலங்களவையில் அ.தி.மு.க. வெளிநடப்பு செய்தது. ஆதரவு 203, எதிர்ப்பு பூஜ்யம். அந்தக் கட்சியின் 13 உறுப்பினர்களும் இருந்து எதிர்த்து வாக்களித்திருந்தாலும் மசோதா நிறைவேறியிருக்கும். ஆனால் எண்ணிக்கை இழுபறியாக உள்ள நாளில் வெளிநடப்பு பெரிய உதவி. "வந்து வாக்களித்தவர்கள்" என்ற தொகை சுருங்குவதால் மூன்றில் இரண்டு பங்கு சுலபமாகும். மொத்த உறுப்பினர்களில் பாதி என்ற நிபந்தனை மட்டும் சுருங்காது. கட்சி தன் ஊரில் "நாங்கள் ஆதரிக்கவில்லை" என்று சொல்லிக்கொள்ளலாம், மசோதாவும் சாகாது. நாடாளுமன்றத்தில் பழகியவர்கள் இதைக் குறை சொல்வதில்லை.

தனிப்பட்ட எம்.பி. மனசாட்சிப்படி சமரசம் செய்துகொள்ள முடியாதா?

முடியாது. 1985 கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். ஆகவே பேரம் எப்போதும் அவைக் கட்சித் தலைவர்கள் மட்டத்தில்தான். 2015 நவம்பர் 27-ல் பிரதமர் மோடி, சோனியா காந்தியையும் மன்மோகன் சிங்கையும் தேநீருக்கு அழைத்துப் பேசியது அதனால்தான். அந்தச் சந்திப்பு நன்றாகவே போனது; ஆனால் டிசம்பரில் ஜிஎஸ்டிக்குச் சம்பந்தமே இல்லாத விவகாரங்களில் அவை அமளியாகி மசோதா அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது. ஒரு விஷயத்தின் பேரத்தை மற்றச் சண்டைகளிலிருந்து பிரித்து வைக்கத் தெரியாததுதான் நம் அவைகளின் தீராத நோய்.

ஜிஎஸ்டி கவுன்சிலில் அதிகாரச் சமநிலை எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது?

வாக்கு எடையில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. முடிவெடுக்க, வந்து வாக்களித்தவர்களின் எடையில் நான்கில் மூன்று பங்கு வேண்டும். மாநிலங்களும், சட்டமன்றம் உள்ள மூன்று ஒன்றியப் பிரதேசங்களும் சேர்ந்து 31. எல்லோரும் வாக்களித்தால் ஒவ்வொன்றின் எடையும் சுமார் 2.15 விழுக்காடு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாநிலங்கள் அத்தனையும் ஒன்று சேர்ந்தாலும் 66.67தான், 75 வராது. அதாவது மத்திய அரசிடம் தனியாகவே தடுக்கும் சக்தி இருக்கிறது. மத்திய அரசு ஒன்றைக் கொண்டுவர விரும்பினால் அதன் 33.33-உடன் குறைந்தது 20 மாநிலங்கள் சேர வேண்டும். 19 வந்தால் 74.19-ல் நின்றுவிடும். 12 மாநிலங்கள் சேர்ந்தால் மத்திய அரசைத் தடுக்கலாம். மாநிலங்களுக்கு மக்கள்தொகை வித்தியாசம் கிடையாது: உத்தரப் பிரதேசத்துக்கும் சிக்கிமுக்கும் ஒரே எடை. வசூலில் முன்னிற்கும் பெரிய மாநிலங்களுக்கு இது நெடுநாள் மனக்குறை; தமிழ்நாட்டின் நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் இதை வெளிப்படையாகவே கேள்வி கேட்டார்.

இன்னொரு நுட்பம்: கூட்டத்துக்கு வராதவரின் எடை வந்தவர்களுக்குப் பகிரப்படும். கோபித்துக்கொண்டு வெளியேறினால் எதிரிக்குத்தான் லாபம்.

வாக்கெடுப்பு நடந்திருக்கிறதா?

முதன்முறையாக 2019 டிசம்பர் 18-ல், லாட்டரி விவகாரத்தில். அதுவரை மாநில அரசே நடத்தும் லாட்டரிக்கு 12, மாநில அனுமதியுடன் வெளியே விற்கப்படுவதற்கு 28 விழுக்காடு. ஒரே விகிதம் வேண்டுமா என்பதில் கேரளம் விடாப்பிடியாக நின்று வாக்கெடுப்பு கேட்டது. 21 மாநிலங்கள் 28 விழுக்காட்டுக்கு ஆதரவு, 7 எதிர்ப்பு. மற்றபடி கருத்தொற்றுமைதான் வழக்கம். அதற்கான வேலை கூட்டத்துக்கு முன்பே நடந்துவிடும்: அதிகாரிகள் குழு விகிதத்தை ஆராயும், சிக்கலானதை மாநில அமைச்சர்கள் குழுவுக்கு அனுப்புவார்கள், அந்தக் குழுவில் வேண்டுமென்றே பல கட்சியினர் இருப்பார்கள். கல் வைத்த வெட் கிரைண்டரைப் பாருங்கள். 28 விழுக்காட்டில் தொடங்கி, 2017 நவம்பரில் 12, 2019-ல் 5 என்று இறங்கி, 2022 ஜூலையில் 18-க்கு ஏறியது. கோவைத் தொழில் ஒன்றின் கதியே இப்படிக் கூட்டம் கூட்டமாகப் பேசி மாறுகிறது.

விட்டுக்கொடுத்தது இரு தரப்புக்கும் பயன்பட்ட இடம் ஏதாவது உண்டா?

2017 ஜனவரி 16 கூட்டம். வணிகர்களை யார் தணிக்கை செய்வது என்ற சண்டையால்தான் ஏப்ரலில் ஜிஎஸ்டியைத் தொடங்குவது தள்ளிப்போகும் நிலை. ஒரு வணிகரை இரண்டு அதிகாரிகள் பிடித்து உலுக்கக் கூடாது என்பதில் மட்டும் எல்லோருக்கும் உடன்பாடு. முடிவில் எண்ணைப் பிரித்தார்கள்: ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை உள்ளவர்களில் 90 விழுக்காட்டினர் மாநிலத்திடம், 10 மத்திய அரசிடம், அதற்கு மேல் ஆளுக்குப் பாதி. சிறு வணிகரோடு நாளும் பழகுவது மாநில வணிகவரித் துறை என்ற வாதம் வென்றது. அதே கூட்டத்தில் கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நடக்கும் வணிகத்தில் வரி வசூலிக்கும் அதிகாரமும் கடலோர மாநிலங்களுக்கு வந்தது. ஜூலை 1-ல் வரி தொடங்கியதற்கு இந்த ஒரு நாள் பேச்சு பெரிய காரணம்.

சமரசம் எங்கே உடைந்தது?

எழுதாமல் விட்ட இடங்களில்.

2016 ஆகஸ்ட் விவாதத்தில், தொடர்ந்து வரும் ஜிஎஸ்டி சட்டங்களைப் பண மசோதாவாகக் கொண்டுவரக் கூடாது என்று சிதம்பரம் உறுதி கேட்டார். பண மசோதாவில் மாநிலங்களவைக்குத் திருத்தும் அதிகாரம் இல்லையே. ஜெட்லி பிடிகொடுக்கவில்லை. காங்கிரஸ் ஆதரித்து வாக்களித்தது. 2017 மார்ச்சில் நான்கு சட்டங்களும் பண மசோதாக்களாகவே வந்தன. வாக்கைக் கொடுத்த பிறகு பேரம் பேச என்ன மிச்சம்? ஜூன் 30 நள்ளிரவு விழாவைக் காங்கிரஸ் புறக்கணித்ததில் இந்தக் கசப்புக்கும் பங்குண்டு.

பெரிய உடைப்பு 2020-ல். கொரோனா முடக்கத்தில் வசூல் சரிந்தது, செஸ் நிதி போதவில்லை. 14 விழுக்காடு சட்டத்தில் இருந்தது. நிதி போதாவிட்டால் யார் கடன் வாங்குவது என்பது சட்டத்தில் தெளிவாக இல்லை. சந்தையில் கடன் எழுப்பலாம் என்ற பேச்சு பழைய கவுன்சில் கூட்டக் குறிப்புகளில்தான் இருந்தது. ஆகஸ்ட் 27 கூட்டத்தில் இது கடவுள் செயல் என்ற மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், மாநிலங்களே கடன் வாங்க இரண்டு வழிகளை வைத்தார். கேரளம், பஞ்சாப், மேற்கு வங்கம் உள்ளிட்டவை மறுத்தன. நீதி கேட்டுப் போக, 279அ சொன்ன அந்தத் தகராறு தீர்க்கும் அமைப்பு அமைக்கப்படவே இல்லை. அக்டோபரில் இரண்டு கூட்டம் முடிவில்லாமல் கலைந்த பிறகு, மத்திய அரசே 1.1 லட்சம் கோடி கடன் வாங்கி மாநிலங்களுக்குத் தருவது, செஸ்ஸை நீட்டித்து அடைப்பது என்று இறங்கி வந்தது. டிசம்பர் தொடக்கத்துக்குள் எல்லா மாநிலங்களும் ஒப்புக்கொண்டன. அடுத்த ஆண்டு இன்னும் 1.59 லட்சம் கோடி. இத்தனைக்கும் நடுவே, காலாண்டுக்கு ஒருமுறையாவது கூட வேண்டிய கவுன்சில் 2020 அக்டோபருக்குப் பின் 2021 மே 28 வரை கூடவில்லை. சண்டையின்போது கூட்டத்தைத் தள்ளிப்போடுவது சண்டையை முடிப்பதில்லை.

ஒத்துப்போவதால் சட்டம் நீர்த்துப்போகிறதே?

போகத்தான் செய்தது. "ஒரே நாடு, ஒரே வரி" என்ற முழக்கத்துக்குப் பின்னால் 5, 12, 18, 28 என்று நான்கு விகிதம், மேலே செஸ். 2025 செப்டம்பர் 22-ல்தான் அது பெரும்பாலும் 5, 18 என்று சுருங்கி, சிலவற்றுக்கு 40 ஆனது. குடிக்கும் மது ஜிஎஸ்டிக்கு வெளியே. அரசியல் சட்ட வரையறையிலேயே விலக்கிவிட்டார்கள். குறைகள் உண்மை. ஆனால் 2011 மசோதா எந்த வடிவிலும் நிறைவேறவில்லை என்பதும் உண்மை. தூய்மையான ஜிஎஸ்டி என்ற தேர்வு அன்று மேசையில் இருக்கவில்லை.

உச்ச நீதிமன்றமும் 2022 மே 19-ல் மோஹித் மினரல்ஸ் வழக்கில், கவுன்சிலின் பரிந்துரைகள் நாடாளுமன்றத்தையோ சட்டமன்றங்களையோ கட்டுப்படுத்தாது என்றது. எந்த மாநிலமும் அதைக் காட்டித் தனிவழி போகவில்லை. பிரிந்து போனால் தன் வணிகர்களுக்கு உள்ளீட்டு வரி வரவு அறுந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

பெட்ரோல், டீசல் உள்ளே வர இன்னொரு சமரசம் நடக்குமா?

சட்டப்படி வழி சுலபம். கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், விமான எரிபொருள், இயற்கை எரிவாயு ஐந்தும் அரசியல் சட்டத்தின்படி ஏற்கெனவே ஜிஎஸ்டிக்குள்தான்; எந்தத் தேதியிலிருந்து என்று கவுன்சில் பரிந்துரைத்தால் போதும், திருத்தம் வேண்டாம். ஆனால் சரக்குகள் மீது மாநிலங்கள் தாங்களே விகிதம் வைத்துத் தாங்களே வசூலிக்கும் பெரிய வரிகள் இப்போது மதுவும் எரிபொருளும்தான். மத்திய அரசுக்கும் கலால் வரி வேண்டும். எதிர்க்கட்சியாக இருக்கும்போது "உள்ளே கொண்டுவா" என்பவர்கள் மாநிலத்தில் ஆட்சிக்கு வந்ததும் மௌனமாகிவிடுவார்கள். இதில் கட்சி வித்தியாசமே இல்லை. கேரள உயர் நீதிமன்றம் பரிசீலிக்கச் சொன்னதால் 2021 செப்டம்பர் 17-ல் லக்னோவில் நடந்த 45-வது கூட்டத்தில் இதை எடுத்தார்கள். இது சமயம் அல்ல என்று முடிவு செய்தார்கள்.